மழைக்காலத்தில் இன்குபேட்டர் ஈரப்பதம்: முழுக்க வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே சாகிறது

பெரம்பலூர் மானாவாரி:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டளவில் சிறுவிடைக் கோழி முட்டைகளை தெர்மாகோல் பெட்டி இன்குபேட்டரில் வைத்துப் பொரிக்கிறேன். உள்ளே இரண்டு பல்பு, காற்றைச் சுற்றவிட ஒரு சின்ன ஃபேன், வெப்பத்தைக் கட்டுப்படுத்தி ஈரப்பதத்தையும் காட்டும் எக்ஸ்எம்-18 கண்ட்ரோலர், தானாகத் திருப்பும் தட்டு, ஓரத்தில் ஒரு தண்ணீர்க் கிண்ணம். வெப்பம் 37.7-ல் நிற்கிறது, காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை உள்ளே வைத்தும் சரிபார்த்துவிட்டேன், அதில் தப்பில்லை.

மாசி, பங்குனியில் வைத்த ஈடெல்லாம் நன்றாகவே பொரிந்தது. ஐப்பசியில் மழை பிடித்த பிறகு வைத்ததில்தான் சிக்கல். ஏழாம் நாள் டார்ச் அடித்தால் நரம்பு ஓடியிருக்கிறது, 14ஆம் நாள் கரு நன்றாக அசைகிறது, 18ஆம் நாளும் உயிர் இருக்கிறது, ஆனால் 21 தாண்டி 22 ஆகியும் பாதிக்கு மேல் ஓட்டை உடைக்கவே இல்லை. ஒன்றிரண்டு மூக்கால் ஒரு பொத்தல் போட்டுவிட்டு அதோடு நின்றுபோயின. உடைத்துப் பார்த்தால் குஞ்சு முழு வளர்ச்சி, முடியெல்லாம் வந்திருக்கிறது, ஆனால் உடம்பு ஊதினமாதிரி கொழகொழவென்று ஈரமாக இருக்கிறது, ஓட்டுக்குள் தண்ணீர் நிற்கிறது. தப்பித்து வெளியே வந்ததிலும் சிலதுக்குத் தொப்புள் சரியாக மூடவில்லை.

பெட்டி விற்றவர் ஈரப்பதம் 60-க்குக் கீழே போகவே கூடாது என்று சொல்லியிருந்தார், அதனால் கிண்ணத்தில் தண்ணீர் குறையவிடுவதில்லை. இப்போது 60, 62 காட்டுகிறது. இதே கிண்ணம் பங்குனியில் 48தான் காட்டியது, அப்போது பொரிந்தது, இப்போது பொரியவில்லை, இதுதான் புரியவில்லை. அம்மா இடி இடித்ததால் முட்டை கெட்டுவிட்டது என்று அடுப்புக்கரியும் ஒரு இரும்புத் துண்டும் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அடுத்த ஈடுக்கு முட்டை சேர்த்துக்கொண்டிருக்கிறேன், அதற்குள் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கொங்குப் பட்டி:

தம்பி, நீங்கள் உடைத்துப் பார்த்து எழுதியிருப்பதிலேயே விடை இருக்கிறது. ஊதிய குஞ்சு, உள்ளே தண்ணீர், மூடாத தொப்புள், மூன்றும் சேர்ந்து வந்தால் முட்டையிலிருந்து வெளியேற வேண்டிய ஈரம் வெளியேறவில்லை என்று அர்த்தம். ஈரம் போதாமல் செத்த குஞ்சு வேறுமாதிரி இருக்கும்: சின்னதாக, காய்ந்து, உள்சவ்வு காகிதம்போல உடம்போடு ஒட்டிப்போய் அசையவே முடியாமல் கிடக்கும். அதனால் பொரியாத முட்டையைத் தூக்கிப் போடுவதற்கு முன் எல்லோரும் உடைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வேன், நாற்றத்துக்குப் பயந்து புதைத்துவிட்டால் அடுத்த ஈடும் அப்படியேதான் போகும்.

முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கில் நுண்துளைகள் இருக்கின்றன. 18 நாளில் முட்டை தன் எடையில் 12, 13 சதவீதம் தண்ணீராக இழக்க வேண்டும். அப்படி இழந்த இடத்தில்தான் மழுங்கிய முனையில் காற்றறை பெரிதாகிறது. குஞ்சு ஓட்டைக் கொத்துவதற்கு முன்னால் அந்தக் காற்றறைக்குள் மூக்கை நுழைத்து நுரையீரலால் முதல் மூச்சு விடுகிறது. உங்கள் பெட்டியில் ஈரம் அதிகமாக இருந்ததால் காற்றறை வளரவில்லை, குஞ்சு மூச்சுவிட வந்த இடத்தில் காற்றுக்குப் பதில் தண்ணீர். அதனால்தான் 18ஆம் நாள் வரை உயிரோடு இருந்து கடைசியில் போகிறது.

முதல் 18 நாளுக்கு 60 என்பது நாட்டுக்கோழி முட்டைக்கு அதிகம். 45-லிருந்து 55-க்குள் இருந்தால் போதும். கடைசி மூன்று நாள்தான் 65, 70 வேண்டும். விற்பவர்கள் பலர் இந்த இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகச் சொல்லிவிடுகிறார்கள், வாங்குகிறவர் அதையே பிடித்துக்கொள்கிறார்.

அம்மா சொல்வதையும் ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். இடி மழைக் காலத்தில் அடை வைத்தால் பொரிப்பு குறைகிறது என்று அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டது நிஜம்தான். காரணம் இடி இல்லை, ஈரமும் குளிரும் என்பது என் கணிப்பு. கரியும் இரும்பும் பெட்டிக்குள் இருந்தால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஃபேன் காற்றை மறைக்காமல் மூலையில் வையுங்கள்.


சால்டர் கம்பி:

மேலே அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. பங்குனியில் 48, இப்போது 62 ஏன் என்பதற்கு மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் வருஷம் முழுக்க யாரையும் கேட்காமல் நீங்களே சமாளித்துக்கொள்வீர்கள்.

ஈரப்பதம் என்று டிஸ்ப்ளே காட்டுவது, அந்தச் சூட்டில் காற்று எவ்வளவு ஈரம் தாங்குமோ அதில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதை. பெட்டிக்குள் நுழைவது வெளிக்காற்றுதான். அதை 37.5-க்குச் சூடாக்கும்போது அதற்குள் இருக்கும் ஈரம் கூடவும் இல்லை குறையவும் இல்லை, ஆனால் தாங்கும் அளவு ஏறிவிடுவதால் சதவீதம் இறங்குகிறது. உங்கள் ஊரில் பங்குனி மத்தியானம் 35 டிகிரி, 30 சதவீதம் என்றால் பெட்டிக்குள் அது 26 ஆகிவிடும், கிண்ணத்துத் தண்ணீர் மேலே ஒரு இருபது சேர்த்து 48-ல் நிறுத்தியிருக்கிறது. மழை நாளில் 24 டிகிரி, 95 சதவீதம் என்றால் தண்ணீரே வைக்காமல் 44 வந்துவிடும். அதற்கு மேல் கிண்ணமும் இருந்தால் 62 ஆகாமல் என்ன ஆகும்.

இதைச் சுலபமாகக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. போனில் வானிலை ஆப்பில் டியூ பாயிண்ட் என்று ஒரு எண் காட்டும், காற்றில் நிஜமாக எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதற்கான கணக்கு அது. அது 17 என்றால் தண்ணீர் இல்லாத பெட்டிக்குள் சுமார் 30 சதவீதம், 21 என்றால் 39, 24 என்றால் 46, 26 என்றால் 52. முட்டைகள் விடும் ஈரம் இதற்கு மேல் கொஞ்சம் சேரும். ஆப் காட்டும் ஈரப்பத சதவீதத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், காலையில் 90 என்றும் மத்தியானம் 50 என்றும் ஆடிக்கொண்டே இருக்கும், டியூ பாயிண்ட் அவ்வளவு ஆடாது.

இன்னொன்று, இந்த சென்சாரை நம்பாதீர்கள். வீட்டு இன்குபேட்டரோடு வருகிற சின்ன சென்சார்களும், கடையில் விற்கிற எச்டிசி-1 மாதிரி மீட்டர்களும் புதிதாக இருக்கும்போதே ஐந்து சதவீதம் இப்படி அப்படித்தான் காட்டும், போகப்போக இன்னும் விலகும். உப்புச் சோதனை செய்துபாருங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பு போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் குழையுங்கள், உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. அந்த மூடியையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடி, இரவு முழுக்க விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும், அந்த உப்பு உள்ளே இருக்கும்வரை டப்பாவின் காற்று 75-ல்தான் நிற்கும். 69 காட்டினால் உங்கள் மீட்டர் 6 குறைத்துக் காட்டுகிறது, அப்போது 62 என்று நீங்கள் பார்த்தது உண்மையில் 68.


வீட்டுக்கோழி அக்கா:

எனக்கு மீட்டரில் நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிவிட்டது, நான் தராசை வைத்துத்தான் ஓட்டுகிறேன். சமையலறைத் தராசு, ஒரு கிராம் துல்லியம் இருந்தால் போதும், ஒற்றை முட்டையை நிறுத்தால்தான் பாயிண்ட் கணக்கு வேண்டும், நான் தட்டோடு நிறுத்துவிட்டுத் தட்டின் எடையைக் கழித்துவிடுவேன்.

கணக்கு இப்படி. சிறுவிடை முட்டை சுமார் 40 கிராம் இருக்கும், 30 முட்டை வைத்தால் 1200 கிராம் என்று வையுங்கள். 18 நாளில் 13 சதவீதம் என்றால் 156 கிராம் குறைய வேண்டும், அதாவது நாளுக்கு ஒன்பது கிராமுக்குக் கொஞ்சம் கீழே. ஏழாம் நாள் 60 கிராம் குறைந்து 1140 இருந்தால் சரியான பாதையில் போகிறது. 1165 இருந்தால் பெட்டி ஈரமாக இருக்கிறது, தண்ணீரை எடுத்துவிடுங்கள். 1110-க்கு இறங்கிவிட்டால் வறண்டு போகிறது, தண்ணீர்ப் பரப்பைக் கூட்டுங்கள். ஒரு வாரம் தப்பாகப் போயிருந்தாலும் அடுத்த வாரம் ஈடுகட்டிவிடலாம், முட்டை அந்த அளவு பொறுக்கும், மொத்தக் கணக்கு 18ஆம் நாள் 11-லிருந்து 14 சதவீதத்துக்குள் வந்துவிட்டால் போதும்.

தராசு இல்லாதவர்கள் டார்ச் அடித்துக் காற்றறையின் விளிம்பை பென்சிலால் ஓட்டின்மேல் கோடு போட்டுவையுங்கள். 7, 14, 18 என்று மூன்று கோடு வரும். 18ஆம் நாள் முட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காற்றறையாக இருக்க வேண்டும். கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே இருந்தால் ஈரம் அதிகம் என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

தண்ணீர் வைப்பதில் பலரும் கிண்ணத்தின் ஆழத்தைப் பார்க்கிறார்கள். ஆழத்தால் ஒரு பயனும் இல்லை, காற்று படுகிற பரப்புதான் கணக்கு. தம்ளர் நிறையத் தண்ணீரைவிட ஒரு சாப்பாட்டுத் தட்டில் விரல்கடை அளவு தண்ணீர் அதிக ஈரம் தரும். குறைக்க வேண்டுமென்றால் தட்டின் பாதியை பாலித்தீன் போட்டு மூடிவிடுங்கள், கூட்ட வேண்டுமென்றால் ஒரு ஸ்பாஞ்சை நிறுத்திவையுங்கள். முட்டை மேல் நேரடியாகத் தண்ணீர் தெளிக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், நனைந்த ஓட்டின் துளை வழியாகக் கிருமி உள்ளே போகும். அதே காரணத்துக்காக அடை வைக்கும் முன் முட்டையைக் கழுவவும் வேண்டாம்.


வேதை உப்புக்காற்று:

நான் கடலோரம், ஒரு விஷயம் சேர்க்கிறேன். எங்களுக்கு சித்திரை, வைகாசியிலும் காற்றில் ஈரம் குறைவதில்லை, வேர்வை காயாத ஊர். மேலே சால்டர் கம்பி சொன்ன டியூ பாயிண்ட் எங்கள் பக்கம் கோடையில் 25, 26 சாதாரணமாக இருக்கும், மழைக்காலத்தைவிடவும் அதிகம். அதனால் முதல் 18 நாள் நான் தண்ணீரே வைப்பதில்லை. வறட்டு முறை என்று சிலர் இதைத்தான் சொல்லித்தருகிறார்கள். ஆனால் அதைக் கேட்டுவிட்டு கரூரிலோ தர்மபுரியிலோ மாசி மாதத்தில் தண்ணீர் இல்லாமல் வைத்தால் முட்டை காய்ந்து கருவாடாகிவிடும், அங்கே பெட்டிக்குள் 30-க்கும் கீழே போய்விடும். முறை நல்லதா கெட்டதா என்று சண்டை போடுவதைவிட எந்த ஊர், எந்த மாதம் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கலப்பின முட்டையும் சிறுவிடை முட்டையும் ஒரே பெட்டியில் வைப்பவர்கள் கவனியுங்கள். சின்ன முட்டைக்கு எடைக்கு ஏற்ற பரப்பு அதிகம், ஈரம் சீக்கிரம் போகும். 60 கிராம் முட்டைக்குச் சரியாக இருக்கிற ஈரப்பதத்தில் 38 கிராம் முட்டை கொஞ்சம் அதிகமாகவே காயும். கிழட்டுக் கோழியின் மெல்லிய ஓடும் அப்படித்தான்.


பெரம்பலூர் மானாவாரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. உப்புச் சோதனை செய்தேன், 70 காட்டியது. அப்படியென்றால் இத்தனை நாள் 60, 62 என்று பார்த்ததெல்லாம் உண்மையில் 65-க்கு மேல்.

புது ஈடு வைத்தாயிற்று. 30 முட்டை, மொத்தம் 1254 கிராம். கிண்ணத்தை எடுத்துவிட்டேன், மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, டிஸ்ப்ளே 43-லிருந்து 47 வரை போய்வருகிறது. ஏழாம் நாள் நிறுத்தால் 1196. டார்ச் அடித்ததில் மூன்று கூமுட்டை, அவற்றை எடுத்துவிட்டேன். இப்போது மீதிக் கணக்கை எப்படிப் போடுவது? 18ஆம் நாள் ஈரம் கூட்டும்போது காற்றோட்ட ஓட்டைகளை மூடிவிட்டால் சீக்கிரம் ஏறுகிறது, அப்படிச் செய்யலாமா? எங்கள் ஊரில் 20ஆம் நாள் முட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, ஆடினால் உயிர் இருக்கிறது என்று பார்ப்பார்கள், அது செய்யலாமா?


வீட்டுக்கோழி அக்கா:

1254-க்கு 58 கிராம் குறைந்திருக்கிறது, 4.6 சதவீதம், ஐந்துக்குப் பக்கத்தில், மிக நன்றாகப் போகிறது, எதையும் மாற்றாதீர்கள். கூமுட்டை எடுத்தபின் ஆரம்ப எடையிலும் மூன்று முட்டையைக் கழிக்க வேண்டும். 1254-ஐ 30-ஆல் வகுத்து 27-ஆல் பெருக்கினால் 1129 வருகிறது, இனி அதுதான் உங்கள் ஆரம்ப எடை. 14ஆம் நாள் 1016 பக்கத்திலும் 18ஆம் நாள் 982 பக்கத்திலும் இருக்க வேண்டும். அடுத்த ஈடிலிருந்து ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் அதன் எடையை எழுதிவிட்டால் இந்த வகுத்தல் பெருக்கல் தேவைப்படாது.

தண்ணீரில் மிதக்கவிடுவதை நான் செய்வதில்லை. அடைக்கோழியின் கீழே இருப்பதை ஒருமுறை பார்த்துவிட்டு வைப்பது வேறு, பெட்டியைத் திறந்து அத்தனையையும் வெளியே எடுத்து நனைத்துத் துடைத்து வைப்பதற்குள் சூடும் ஈரமும் போய்விடும். அதுவும் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்த முட்டை ஒன்று அதில் இருந்தால் குஞ்சு உள்ளேயே மூழ்கிவிடும். 18ஆம் நாள் கடைசியாக டார்ச் அடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.


கொங்குப் பட்டி:

ஓட்டைகளை மட்டும் மூடிவிடாதீர்கள் தம்பி. கடைசி மூன்று நாள்தான் குஞ்சுக்குக் காற்று அதிகம் வேண்டிய நேரம், அதுவரை ஓட்டின் வழியே மூச்சுவிட்டது இப்போது நுரையீரலுக்கு மாறுகிறது. ஓட்டைகள் எல்லாம் திறந்தே இருக்கட்டும், ஈரம் ஏறவில்லையென்றால் தண்ணீர்ப் பரப்பைத்தான் கூட்ட வேண்டும். அகலமான தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள், பச்சைத் தண்ணீர் வைத்தால் பெட்டிச் சூடு இறங்கும். தட்டின் மேல் கம்பிவலை போட்டுவிடுங்கள், பொரிந்த குஞ்சு தள்ளாடிப் போய் அதில் விழும்.

18ஆம் நாள் செய்ய வேண்டியது: திருப்புவதை நிறுத்துங்கள், முட்டைகளைத் தட்டிலிருந்து எடுத்து சொரசொரப்பான துணிமேல் படுக்கவையுங்கள், உங்கள் மீட்டர் 5 குறைத்துக் காட்டுவதால் அதில் 60-லிருந்து 65 தெரிந்தால் உண்மையில் 65, 70 இருக்கும், அப்புறம் மூடியைத் தொடாதீர்கள். முதலில் பொத்தல் போட்டதற்கும் குஞ்சு வெளியே வருவதற்கும் இடையில் 12 மணியிலிருந்து 24 மணி நேரம் வரை ஆகும். அந்த நேரத்தில் அது சும்மா இருப்பதுபோலத் தெரியும், உள்ளே மஞ்சள் கருவின் மிச்சத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது, ரத்தக்குழாய்கள் வற்றிக்கொண்டிருக்கின்றன. பாவம் பார்த்து ஓட்டை உரித்துவிட்டால் ரத்தம் கசியும், குஞ்சு தேறாது. மூடியைத் திறந்து பார்த்தாலும் ஈரம் சட்டென்று இறங்கி, பொத்தல் போட்ட மற்ற முட்டைகளின் சவ்வு காய்ந்து தோலாகிவிடும்.

நாலைந்து குஞ்சு வெளியே வந்ததும் அவற்றின் உடம்பு ஈரத்திலேயே மீட்டர் 75, 80 என்று ஏறும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம், அந்த நேரத்தில் அது தொந்தரவு செய்யாது. கண்ணாடியில் தண்ணீர் கோத்து வழிகிற அளவுக்குப் போனால் மட்டும் அடைபட்ட காற்றோட்ட ஓட்டை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.


பெரம்பலூர் மானாவாரி:

சரி அண்ணா, ஓட்டைகளைத் திறந்தே வைக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம், முதலில் பொரிந்த குஞ்சுகளை எவ்வளவு நேரம் உள்ளேயே விடலாம்? தீனியும் தண்ணீரும் இல்லாமல் ஒரு நாள் தாங்குமா?


வீட்டுக்கோழி அக்கா:

தாராளமாகத் தாங்கும். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு ஒரு நாளுக்கும் மேலே அதற்குப் போதும். கடைசி ஈரக் குஞ்சுக்காகக் காத்திருக்க வேண்டாம், முதலில் வந்தவை காய்ந்து முடி உப்பி நிற்கும்போது, புதிதாகப் பொத்தல் போட்ட முட்டை எதுவும் இல்லாத நேரம் பார்த்து, ஒரே தடவையில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு உடனே மூடிவிடுங்கள். புரூடரில், அதாவது குஞ்சுகளைச் சூட்டில் வைத்து வளர்க்கும் பெட்டியில், பல்பை முன்கூட்டியே போட்டுச் சூடாக்கிவையுங்கள், முதல் நாள் 34, 35 டிகிரி இருக்கட்டும். இறக்கியதும் ஒவ்வொன்றின் மூக்கையும் ஒரு தடவை தண்ணீரில் தொட்டுவிடுங்கள், தீனி அப்புறம் போட்டால் போதும்.